ஃபேமிலி மேன் போல பேஸ் வாசிக்க: பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சிலிருந்து தொடங்கலாம்

ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியைச் செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்றால், நான் சொல்லப்போகிற ஆளை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. கீழ் ஓசைக்கென்றே இருக்கும் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள் வரும். செல்போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. குரல் கேட்கும், கிட்டாரின் 'சக்... சக்' கேட்கும், ஆர்கன் கேட்கும். பாட்டைத் தூக்கி நிறுத்துகிற மனிதர் மட்டும் காணாமல் போயிருப்பார்.

நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். செல்போனுக்குப் பதிலாக டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி. திருச்சியில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம். ஒருநாள் கச்சேரிக்கு முன் மைக்செட் கடையில் பாக்ஸ் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. யாரோ மார்லி கேசட்டைப் போட்டார்கள். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குப் பாட்டு காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்டது. இந்தக் கேசட் என் வீட்டிலும் இருக்கிறதே, இதில் இப்படி ஒன்று எங்கே இருந்தது என்று உள்ளே ஓடினேன். அட்டையில் பொடி எழுத்தில் ஒரு பெயர்: ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட். மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர்.

அன்றிலிருந்து அவரைப் போல வாசிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். மொட்டைமாடியில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை வைத்து இதை எழுதுகிறேன். பேஸ் கையில் இல்லாதவர்கள் கேட்கும் பகுதியையும் பாடும் பகுதியையும் மட்டும் செய்து பார்க்கலாம்.

முதலில் காது

கிட்டாரைத் தொடாதீர்கள். ஒரு வாரம் கேட்க மட்டும் செய்யுங்கள். விலை குறைந்த இயர்ஃபோன் போதும், ஆனால் காதுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். சற்றே தளர்ந்தாலும் கீழ் ஓசை முழுதாக ஒழுகிப் போய்விடும்.

வரிசை முக்கியம். பசங்கள் எல்லோரும் 1977-ன் 'எக்ஸோடஸ்' தொகுப்பில்தான் தொடங்குவார்கள். அது கடைசியில். முதலில் 1969-ல் வந்த 'லிக்விடேட்டர்'. ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் என்ற பெயரில் வெளியான, பாட்டே இல்லாத வாத்திய இசை. மேலே ஆர்கன் வாசிப்பது வின்ஸ்டன் ரைட். ஆர்கனை மறந்துவிட்டுக் கீழே போங்கள். பேஸ் ஆஸ்டன், டிரம்ஸ் அவர் தம்பி கார்ல்டன். அப்போது அண்ணனுக்கு 22 வயது, தம்பிக்கு 18. அந்த பேஸ் நடையை எங்கோ கேட்டதுபோல இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 1972-ல் அமெரிக்காவின் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பாடிய 'ஐ'ல் டேக் யூ தேர்' பாட்டின் தொடக்கம் இங்கிருந்து போனதுதான்.

அடுத்து 1970 வாக்கில் லீ பெர்ரி தயாரித்த வெய்லர்ஸ் பாட்டுகள்: 'டப்பி காங்கரர்', 'சோல் ரெபல்ஸ்' தொகுப்பு. பாரெட் சகோதரர்கள் ஹிப்பி பாய்ஸ் என்று குழு வைத்திருந்தார்கள். அதே ஆட்கள் லீ பெர்ரியிடம் போய் வாசிக்கும்போது அப்செட்டர்ஸ் ஆனார்கள். வெய்லர்ஸிடம் அப்போது மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் என்று மூன்று குரல்கள் இருந்தன. அந்தக் குரல்களுக்குக் கீழே இந்த அண்ணன் தம்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரிந்த வெய்லர்ஸ் பிறந்தது. பெர்ரியிடமிருந்து சகோதரர்களை மார்லி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெர்ரிக்கு அதில் கோபம். நியாயமான கோபம்தான்.

பிறகு 1973-ன் 'கேட்ச் எ ஃபயர்'. கிங்ஸ்டனில் பதிவு செய்து, லண்டனில் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் மேற்பார்வையில் ராக் கிட்டாரும் கீபோர்டும் மேலே சேர்த்த தொகுப்பு. இதில் ஒரு பயிற்சி இருக்கிறது. முதல் பாட்டு 'கான்கிரீட் ஜங்கிள்'; அதில் பேஸ் வாசிப்பது ஃபேமிலி மேன் இல்லை, அவரிடம் கற்ற ராபி ஷேக்ஸ்பியர். அதே தொகுப்பில் 'ஸ்டிர் இட் அப்' ஃபேமிலி மேன். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். குரு யார், சிஷ்யர் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நாள் வந்தால் காது தயார். எனக்கு அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

1975-ன் 'லைவ்!' தொகுப்பு, லண்டன் லைசியம் அரங்கில் ஜூலை மாதம் பதிவானது, நான்காவது. அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கருவி

இந்தப் பகுதியில் நேரம் விரயம் செய்யாதீர்கள். அவர் வைத்திருந்தது ஃபெண்டர் ஜாஸ் பேஸ், அதில் ஃப்ளாட்வுண்ட் கம்பி. வழவழப்பான கம்பி அது. விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது, ஓசையும் மொத்தையாக இருக்கும். நம் ஊரில் அந்தக் கம்பி எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் சாதாரண செட் இரண்டு மூன்று வாங்குகிற காசு ஆகும்.

அதனால் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு. புதியது ஒன்று வாங்கி, பச்சையாக இருக்கும் சொரசொரப்புப் பக்கத்தைப் பிய்த்துவிடுங்கள். மஞ்சள் பகுதியை ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகள் வந்து முடிகிற இடம்) பக்கத்தில் நாலு கம்பிக்கும் அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மேலே தூக்கிவிடக் கூடாது. இப்போது மீட்டினால் 'டொய்ங்ங்ங்' என்று இழுக்காமல் 'தும்' என்று விழுந்து நிற்கும். ஓசை சுத்தமாகச் செத்துவிட்டால் ஸ்பாஞ்சு தடிமன் அதிகம், பாதியாக வெட்டுங்கள்.

கிட்டாரில் இருக்கும் டோன் குமிழை முழுக்க மூடிவிடுங்கள். வலது கையைப் பிரிட்ஜ் பக்கம் வைக்காமல் கழுத்துப் பக்கமாக நகர்த்தி, விரலின் சதையால் மீட்டுங்கள். நகம் பட்டால் கெட்டது. ஆம்பில் ட்ரெபிளைக் குறைத்து பேஸைக் கூட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வரும் வரை.

ஆஸ்டனின் முதல் பேஸ் என்ன தெரியுமா? ஒட்டுப்பலகையை வெட்டி அவரே செய்தது. அப்போது அவர் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கார்ல்டனின் முதல் டிரம்ஸ் காலி பெயிண்ட் டப்பாக்கள். 'நல்ல கிட்டார் வாங்கிய பிறகு கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்கிற பையனிடம் நான் இதைத்தான் சொல்வேன். இப்போது பாதிப் பேர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மூன்றில் விழுவது

இதுதான் பாடத்தின் நடு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு தானாக வரும்.

நம் மெல்லிசைப் பாட்டில் பேஸ்காரனின் வேலை ஒன்றில் இறங்குவது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் 'ஒன்று' என்கிற இடத்தில் டிரம்மரின் கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) நம் அடியும் சேர்ந்து விழும். கச்சேரியில் பாதித் தூக்கத்தில்கூட அது வந்துவிடும். ரெகேயில் ஒன்-டிராப் என்று ஒரு நடை இருக்கிறது. அதில் டிரம்மர் ஒன்றில் கிக்கை அடிக்கவே மாட்டார். ஒன்று காலியாகப் போகும். மூன்றில் கிக்கும், ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டுகிற 'டக்'கும் சேர்ந்து விழும். கிட்டார் இரண்டிலும் நாலிலும் 'சக்'. கார்ல்டன் பாரெட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட நடை இது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். தாளம் தொடங்கிய பிறகு தள்ளி எடுக்கிற கீர்த்தனைகளில், முதல் தட்டு விழும்போது பாடகர் வாயைத் திறக்காமல் இருப்பாரே, அந்த ஒரு கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைத்தட்டு இருக்கிறது, ஓசை இல்லை. இங்கே அந்தக் கணம் ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது.

பழகுவதற்கு வழி: சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 35-ல் வையுங்கள். 35-தான், எழுத்துப்பிழை இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரே தட்டு விழும். அந்தத் தட்டை 'மூன்று' என்று எண்ணுங்கள். "மூன்று, நாலு, ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடக்கலாம். எண்ணிக்கையின் வேகம் நிமிடத்துக்கு 140 இருக்கும், கேட்பதற்கு அதில் பாதி போலச் சாவகாசமாகத் தோன்றும். செயலி 40-க்குக் கீழே போகாது என்றால் 40 போதும். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் அந்தத் தட்டு உங்கள் மண்டைக்குள் 'ஒன்று' என்று மாறிவிடும். எல்லோருக்கும் மாறும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். எனக்கு இது பிடிபட்டது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றபோது. உதட்டை அசைத்துக்கொண்டு காலால் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற அம்மா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

கார்ல்டனிடம் கவனிக்க இன்னொன்று, அவருடைய ஹை-ஹாட், மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டு. அங்கங்கே மும்மூன்றாக உடைத்து வாசிப்பார். சதுஸ்ர நடையில் போய்க்கொண்டிருக்கும் பாட்டுக்குள் ஒரு திஸ்ரத்தைத் தூவிவிட்டுப் போவார். அண்ணன் கீழே ஆடாமல் நிற்பதால்தான் தம்பியால் மேலே அப்படி விளையாட முடிகிறது. நீங்கள் பேஸ் என்றால் அந்த விளையாட்டுக்குப் பதில் சொல்லக் கை துறுதுறுக்கும். சொல்லக் கூடாது.

நான் சொன்னேன், ஒருமுறை. ஒரு கல்லூரி விழா. மார்லி பாட்டு ஒன்று வாசிக்க ஒத்துக்கொண்டோம். எங்கள் டிரம்மர் சின்னப் பையன், சர்ச்சில் வாசித்துப் பழகியவன். அவன் ஒன்-டிராப்பைச் சரியாகப் பிடித்துவிட்டான். நான் காலியிடம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லா இடுக்கிலும் புகுந்து வாசித்தேன். ஒன்றில் ஒரு அடி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டு, நாலில் ஒரு இழுப்பு. மேடையை விட்டு இறங்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, நான் அங்க ஒரு கதவத் திறந்து வச்சா நீங்க ஏண்ணே ஓடி வந்து நின்னுக்கிறீங்க?"

இரண்டு நாள் அவனிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் பதிவைப் போட்டுக் கேட்டேன். அவன் சொன்னது சரி.

இங்கே ஒரு தவறான பாடத்தையும் அடைத்துவிடுகிறேன். 'ரெகே பேஸ் என்றால் ஒன்றைத் தொடவே கூடாது' என்று இணையத்தில் வீடியோ வீடியோவாகச் சொல்கிறார்கள். ஃபேமிலி மேனையே உட்கார்ந்து கேளுங்கள். கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும் இடங்களில் எத்தனையோ பாட்டில் அவர் நேராக ஒன்றில் வந்து விழுகிறார். டிரம்மர் ஒன்றை விட்டுவிட்டதால் அந்த இடம் பேஸுக்குத் தனியாகக் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாம், விடலாம். எடுத்துக்கொண்டால் அடுத்து எங்காவது ஒரு இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஏன் இப்படி ஒரு இசை அந்தத் தீவில் வந்தது என்று பையன்கள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், 1960-களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் ஸ்கா. வேகமான ஆட்ட இசை. ஸ்கட்டலைட்ஸ் குழுவின் லாயிட் பிரெவெட் போன்றவர்கள் ஆளுயர பேஸை நிற்க வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருப்பார்கள். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. வேகம் குறைந்ததும் எண்களுக்கு நடுவே இடம் விழுந்தது. எலக்ட்ரிக் பேஸும் வந்தது. ஜாக்கி ஜாக்சன் போன்றவர்கள் அந்த இடத்தில் நடப்பதை நிறுத்திவிட்டுச் சின்னச் சின்ன வாக்கியம் பேச ஆரம்பித்தார்கள். ஃபேமிலி மேன் அந்த வாக்கியத்தை இன்னும் கனமாக்கினார். இதையெல்லாம் ஜனங்கள் கேட்டது தெருவில். சவுண்டு சிஸ்டம் என்று சொல்வார்கள், நம் ஊர் மைக்செட்டுக்கு அண்ணன். டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்ற முதலாளிகள் பீரோ அளவு பெட்டிகளை அடுக்கி, யாருடைய சத்தம் கனம் என்று போட்டி போட்ட ஊர் கிங்ஸ்டன். பேஸ் வயிற்றில் மோதவில்லை என்றால் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

பாடிவிட்டு வாசியுங்கள்

பேஸ் வாசிக்கும்போது தான் பாடுவதாகவே நினைத்துக்கொள்வேன், கீழ்க்குரலில் ஒரு பாட்டு என்று ஃபேமிலி மேன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் அப்படியே செய்து பாருங்கள். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மந்தர ஸ்தாயியில் பாடுங்கள். வாயால் பாட முடியாத பேஸ் வரி, விரலிலும் நிற்காது.

'நோ வுமன் நோ க்ரை' இதற்கு நல்லது. 1974-ன் 'நேட்டி ட்ரெட்' தொகுப்பில் இருப்பதை எடுக்காதீர்கள், அதில் தாளத்துக்கு ரிதம் மெஷின் ஓடுகிறது. லைசியம் மேடைப் பதிவை எடுங்கள். சி மேஜர். சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் கீழே பேஸ் இறங்கும் வழி: ஸ... நி... த... ம. அடுத்த சுற்று: ஸ, ம, ஸ, ப. பாட்டு முழுக்க இந்த இரண்டு சுற்றுதான் பெரும்பாலும். முதல் வரியில் படியில் இறங்குவதுபோல ஸ-விலிருந்து த வரை வந்து, ஒரு படியைத் தாண்டி ம-வில் கால் வைக்கிறது. அந்தத் தாண்டல் எங்கே வருகிறது என்று வாயால் பாடும்போதுதான் தெரியும். குரல் 'அழாதே' என்று தேற்றிக்கொண்டிருக்கும்போது அடியில் ஒருவர் நிதானமாகப் படி இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவதுபோல இருக்கும் எனக்கு. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

மூல ஸ்வரங்களைப் பாடிவிட்டீர்களா? சரி, இப்போது கிட்டாரில் அதை மட்டும் வாசியுங்கள். அலங்காரம் வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள், எப்போது விரலைத் தூக்கி நிறுத்துகிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் வையுங்கள். தொடங்குவதைவிட நிறுத்துவது கஷ்டம். மீட்டிய கையைப் பார்க்காதீர்கள், இடது கையைப் பாருங்கள். கம்பியை அழுத்தும் விரலைத் தளர்த்தி, ஆனால் கம்பியை விட்டு எடுக்காமல் வைத்தால் ஓசை 'தும்' என்று மூடும். முழுக்க எடுத்துவிட்டால் சும்மா கம்பி உறுமும்.

ஒரு பயிற்சி

இது எந்தப் பாட்டிலும் உள்ளதில்லை, பசங்களுக்காக நான் கட்டியது. ஏ மைனர், இரண்டு சுற்று.

முதல் சுற்றில் ஒன்று காலி. இரண்டில் ஏ. இரண்டரையில் மறுபடி ஏ. மூன்றில் சி. நாலு காலி.
இரண்டாம் சுற்றில் ஒன்று காலி. இரண்டில் ஜி. இரண்டரையில் ஈ. மூன்றில் ஏ, அதை நாலு வரை பிடித்து நறுக்கென்று நிறுத்த வேண்டும்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுதான் ஃப்ரெட். தடித்த கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் ஏ, மூன்றாவது ஃப்ரெட் ஜி, சும்மா கம்பி ஈ. அடுத்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் சி. ஸ்வரமாகப் பாட வேண்டுமென்றால்: ஸஸ க... | நிப ஸ... நி, ப இரண்டும் கீழ் ஸ்தாயி. இரண்டு சுற்றிலும் மூன்றில் வந்து விழுகிறோம், டிரம்மரின் காலோடு சேர்ந்து. மெட்ரோனோமின் அந்த ஒற்றைத் தட்டுக்குள் உங்கள் ஓசை மறைந்துபோனால் சரியாக வாசிக்கிறீர்கள். தட்டு தனியாகவும் உங்கள் அடி தனியாகவும் கேட்டால் இன்னும் இல்லை. பெரும்பாலும் நாம் முந்துவோம். காலியாக விட்ட 'ஒன்று' பயமுறுத்துவதால் இரண்டுக்குச் சீக்கிரமே ஓடிவிடுவோம்.

இதையே மாற்றாமல் ஏழு நிமிடம் வாசியுங்கள். ஏன் ஏழு? 'எக்ஸோடஸ்' பாட்டு ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிறது, கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஏ மைனர் கார்டில். 1976 டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டன் ஹோப் ரோடு வீட்டில் மார்லியைச் சுட்டார்கள். இரண்டே நாளில் காயத்தோடு மேடையேறிப் பாடிவிட்டு நாட்டை விட்டுக் கிளம்பினார். பிறகு லண்டனில் உருவான தொகுப்பு இது. அந்தப் பாட்டில் ஒன்-டிராப் கிடையாது. ஸ்டெப்பர்ஸ் என்கிற நடை, கிக் நாலு எண்ணிலும் விழும், ஊர்வலம் போவதுபோல. ஊர்வலத்தில் போகிறவன் பாதி வழியில் நடையை மாற்றினால் பின்னால் வருகிறவன் இடறுவான். ஃபேமிலி மேன் மாற்றவில்லை. முதல் தடவை வாசிக்கும்போது மூன்றாவது நிமிடத்தில் சலிப்பு வரும், நாலாவதில் எதையாவது சேர்க்கலாமா என்று தோன்றும். அதைக் கடந்தால், எப்போது என்று தெரியாது, கையை மறந்துவிட்டு மற்றவர்களைக் கேட்க ஆரம்பிப்பீர்கள். பயிற்சி அதற்குத்தான்.

அந்த மனிதர்

பேரைப் பற்றி எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு 41 பிள்ளைகள் என்று சொல்வது வழக்கம். ஆனால் பேர் அதற்கு முன்பே வந்தது. குழுவைக் குடும்பம் போலச் சேர்த்து வைத்திருப்பவன் நான் என்று அவரே வைத்துக்கொண்டது. செய்த வேலையும் அதுதான்: வெய்லர்ஸின் பாட்டுகளுக்கு யார் எங்கே எதை வாசிப்பது என்று கட்டியவர் அவர்.

வெளியேயும் நிறைய வாசித்தார். பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி', ஆகஸ்டஸ் பாப்லோ - கிங் டப்பி கூட்டில் வந்த தொகுப்பு, இரண்டிலும் அவரும் ராபியும் பேஸைப் பகிர்ந்துகொண்டார்கள். குரு வாசிக்கும் வீட்டுக்கே சிஷ்யனும் வேலைக்குப் போவது நம் தவில்காரர்களிடமும் உண்டு. ராபி பிறகு டிரம்மர் ஸ்லை டன்பாரோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனார், 2021-ல் இறந்தார்.

1981 மே 11 அன்று மார்லி புற்றுநோயால் இறந்தார், வயது 36. 1987 ஏப்ரலில் கார்ல்டன் கிங்ஸ்டனில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கும் 36. அண்ணன் அதற்குப் பிறகும் வெய்லர்ஸ் பெயரில் ஊர் ஊராக வாசித்தார், மூன்றில் வேறு ஒருவர் காலோடு சேர்ந்து விழுந்துகொண்டு. அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தாளவாத்தியக்காரரிடம் கேளுங்கள்.

2006-ல் ஐலண்ட் நிறுவனத்துக்கும் மார்லி குடும்பத்துக்கும் எதிராக லண்டன் நீதிமன்றத்தில் ராயல்டி வழக்கு நடத்தினார். சுமார் 6 கோடி பவுண்டு தனக்கு வர வேண்டும் என்றார். தோற்றார். 1994-ல் போட்ட சமரச ஒப்பந்தம் வழியை அடைத்துவிட்டது. எழுதியவர் என்று பெயர் போட்டிருக்கும் பாட்டுக்குக் காசு வரும், பாட்டை நிறுத்தி வைத்த பேஸ் வரிக்குத் தனியாக எதுவும் வராது. 1976-ன் 'ஹூ த கேப் ஃபிட்' போலச் சிலவற்றில்தான் அவர் பெயரும் தம்பி பெயரும் இருக்கின்றன. மெல்லிசைக் குழுவில் இருக்கிற எனக்கு இதில் சார்பு உண்டு, மறைக்கவில்லை. 2021-ல் ஜமைக்கா அரசு விருது கொடுத்தது. 2024 பிப்ரவரி 3 அன்று மயாமியில் காலமானார், 77 வயது.

தனியாகப் பழகாதீர்கள்

ஒரு மாதம் கழித்துச் செய்ய வேண்டியது இது. மெட்ரோனோமைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஆளைப் பிடியுங்கள். டிரம்மராக இருந்தால் நல்லது. ஹை-ஹாட், கிக், ஸ்நேர் மூன்று போதும். அவரை மூன்றில் மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு, அவர் கிக்குக்கு எதிரே, கால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். மேடையில் எப்போதும் பேஸ்காரன் பின்னால் ஓரமாக ஆம்ப் பக்கம் ஒதுங்குவான், அந்தப் பழக்கத்தை விடுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் இயர்ஃபோனில்தான் கேட்க வேண்டும், காரணம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டிரம்மர் கிடைக்காவிட்டால் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் போதும். எங்கள் வீட்டில் என் மகள் தட்டுகிறாள். ஒன்-டிராப் என்றால் மூன்றுக்காகக் காத்திருக்க வேண்டும், அவளுக்குப் பொறுமை கிடையாது, ஐந்தாவது சுற்றிலேயே நாலையும் தட்ட ஆரம்பித்துவிடுவாள். அதனால் இப்போதெல்லாம் 'எக்ஸோடஸ்' போட்டுவிடுகிறேன். அதில் நாலையும் தட்டலாம். ஏழரை நிமிடமும் தட்டுகிறாள், நான்தான் ஆறாவது நிமிடத்தில் எதையாவது சேர்த்துவிடுகிறேன்.